மீன் தொட்டியில் பொறிவண்டுகள்: மதுரை வீடொன்றில் ஒரு பருவத்தின் பதிவு

பின்னணி

திருப்பாலையில் ஒரு வாடகை வீடு. மொட்டை மாடியில் செடித் தொட்டிகள் வைத்துக்கொள்ள அனுமதித்த வீட்டுக்காரர், நாய் பூனைக்கு மட்டும் கண்டிப்பாக மறுத்துவிட்டார். வீட்டில் ஆறாம் வகுப்புச் சிறுமி, இரண்டாம் வகுப்பில் அவள் தம்பி, பெற்றோர், அப்பத்தா என ஐந்து பேர். மாடித் தோட்டம் முழுக்க அப்பத்தாவின் பொறுப்பு. ஒரு அவரைப் பந்தல், ஆறேழு கத்தரி, கொஞ்சம் வெண்டை, ஒரு கறிவேப்பிலை.

மார்கழியில் அவரை பூவெடுத்தபோது கொழுந்திலும் பூக்காம்பிலும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான கருப்பு அசுவினி அப்பிக்கொண்டது. பேன் விழுந்துவிட்டது என்று அப்பத்தா அலுத்துக்கொண்டார். அந்தப் பேனைத் தின்னப் பொறிவண்டுகள் வந்தன. ஆரஞ்சு நிற முதுகில் கருப்பு நெளிகோடும் புள்ளியுமாகத் திரிந்த அவற்றைப் பார்த்த பிள்ளைகள், நாய்க்குப் பதில் இவற்றையே வளர்க்கலாம் என்று பிடிவாதமாக நின்றார்கள். பெற்றோருக்கும் அது தோதாகப் பட்டது. செலவில்லை, சத்தமில்லை, வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கவும் வேண்டியதில்லை.

பள்ளிகளில் பூச்சி பார்க்கும் வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் இந்தக் குடும்பம் எனக்கு அறிமுகம். வண்டுகள் சாகத் தொடங்கிய பிறகுதான் என்னை அழைத்தார்கள். அதற்கு முன் நடந்தவற்றைச் சிறுமியின் குறிப்பேட்டிலிருந்து எடுத்திருக்கிறேன். எத்தனை உயிரோடு இருக்கின்றன, எத்தனை இறந்தன என்பதை அவள் நாள்தோறும் எழுதிவைத்திருந்தாள். பெரியவர்கள் யாரும் அதைச் செய்யவில்லை. குடும்பத்தாரின் ஒப்புதலோடு, பெயர்கள் இன்றி இதை எழுதுகிறேன்.

முதல் அமைப்பும் முதல் வாரமும்

மாடிப்படிக்கு அடியில் இரண்டடி நீள மீன் தொட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. தந்தை அதைக் கழுவி, காணொளிகளில் பார்த்தபடி ஒரு டெரேரியம் அமைத்தார். அடியில் கூழாங்கல், அதன் மேல் அடுப்புக்கரி, அதற்கு மேல் தேங்காய் நார்க்கழிவு கலந்த மண், பாசி, இரண்டு பெரணிச் செடிகள். மேலே கண்ணாடி மூடி. நல்ல வெளிச்சம் வேண்டும் என்று கிழக்குச் சன்னலோரம் வைத்தார்கள். பார்க்க மிக அழகாக இருந்தது என்பதில் ஐயமில்லை. அதற்குள் பன்னிரண்டு வண்டுகளை விட்டு, வெள்ளரித் துண்டும் சர்க்கரைத் தண்ணீரும் வைத்தார்கள்.

முதல் நாளே எல்லா வண்டுகளும் மேல் மூலைக்கு ஏறிக் கூடி நின்றன. பிள்ளைகள் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை வெயில் ஏறியதும் கண்ணாடியின் உட்புறம் முழுக்க நீர்த்துளி படிந்தது. இரண்டு வண்டுகள் மல்லாந்து, முதுகு கண்ணாடியோடு ஒட்டி, காலை உதறிக்கொண்டிருந்தன. எடுத்துவிடுவதற்குள் ஒன்று இறந்தது. சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தில் இன்னும் இரண்டு மூழ்கின. ஐந்தாம் நாள் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது: “மொத்தம் 12. இறந்தது 7. வெள்ளரியில் பூஞ்சை.”

இடையில் தாய்க்கு வேறொரு பயம் வந்தது. வண்டைப் பிடித்த மகனின் விரலில் மஞ்சள் துளி ஒட்டி, கசப்பான ஒரு வாடை அடித்தது. விஷமோ என்று சோப்புப் போட்டுப் பலமுறை கழுவினார். அது வண்டு தன் கால் மூட்டுகளிலிருந்து தானே கசியவிடும் திரவம். தன்னைத் தின்ன வரும் பறவைக்கும் எறும்புக்கும் கசக்கட்டும் என்பதற்காகச் செய்வது. கையில் பட்டால் கழுவினால் போதும், கண்ணைத் தேய்க்கக் கூடாது. ஆனால் அந்தத் துளி வண்டுக்கு இலவசமாக வருவதில்லை. அது அதன் உடல் நீரிலிருந்தே போகிறது. நாளுக்கு இருபது முறை கையில் எடுத்து விளையாடப்படும் வண்டு வெகு சீக்கிரம் களைத்துப்போகும்.

காரணம் என்று நான் கருதியவை

ஈரமும் வெயிலும் கண்ணுக்குத் தெரிந்த காரணங்கள். மூடிய கண்ணாடித் தொட்டி பெரணிக்கும் பாசிக்கும் ஏற்றது. காற்றோட்டமான வயல்வெளியில், இலை நுனியில் வாழும் பூச்சிக்கு அது புழுங்கும் அறை. மதுரையில் தை மாதக் காலை வெயில்கூட மூடிய கண்ணாடிக்குள் சூட்டைக் கடகடவென்று ஏற்றிவிடும்.

ஆனாலும் முதல் காரணமாக நான் சொன்னது பட்டினி. இந்த வண்டுகள் பூச்சி தின்னிகள். வளர்ந்த வண்டு ஒன்று நாளொன்றுக்குப் பல பத்து அசுவினிகளைத் தின்னும். தேனோ சர்க்கரையோ ஊறவைத்த உலர்திராட்சையோ கொடுத்தால் சில நாள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும், ஆனால் முட்டை வைக்காது. ஆக, பொறிவண்டு வளர்க்க விரும்புகிறவர் முதலில் அசுவினி வளர்க்க வேண்டும். வண்டை விலைகொடுத்து வாங்கினாலும் இதிலிருந்து தப்ப முடியாது. மாவுப்பூச்சியைத் தின்னும் ஆஸ்திரேலிய வகைப் பொறிவண்டு ஒன்று 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கிரிப்டோலேமஸ் என்று பெயர். இன்றும் அதை ஆய்வுக்கூடங்களில் பெருக்கும்போது முதலில் பரங்கிக்காய்களை அடுக்கி அவற்றின் மேல் மாவுப்பூச்சியை வளர்க்கிறார்கள். வண்டு பிறகுதான் வருகிறது. மாடித் தோட்டத்திலும் இதே வரிசைதான் செல்லுபடியாகும்.

இரண்டு வகை வண்டுகள்

உயிர் பிழைத்த ஐந்தையும் உருப்பெருக்கியில் பார்த்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. மூன்று வண்டுகள் வழுவழுவென்று பளபளத்தன. முதுகில் நெளிகோடு. இது நம் பக்கத்தில் அவரை, தட்டைப்பயறுச் செடிகளில் சாதாரணமாகக் காணப்படும் ஆறு புள்ளிப் பொறிவண்டு. மற்ற இரண்டும் சற்றுப் பெரியவை. செம்பழுப்பு நிறம், பளபளப்பு இல்லை, உடல் முழுக்க மிக நுண்ணிய ரோமம், முதுகில் எண்ணி மாளாத கரும்புள்ளிகள். எங்கே பிடித்தது என்று கேட்டதற்குத் தம்பி கத்தரிச் செடியைக் காட்டினான்.

அது எபிலாக்னா வண்டு. பொறிவண்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததே, ஆனால் இலை தின்பது. முதுகில் இருபத்தெட்டுப் புள்ளிகள் வரை இருக்கும். புள்ளி எண்ணிக்கை வயதைக் காட்டும் என்று பிள்ளைகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது இனத்தைத்தான் காட்டும், வயதை இல்லை.

வாயால் சொல்வதைவிடக் காட்டிவிடுவது நல்லது என்று இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களை எடுத்தோம். இரண்டிலும் அசுவினி படிந்த அவரைக் கொழுந்து ஒன்றும் கத்தரி இலை ஒன்றும் வைத்தோம். ஒன்றில் பளபளப்பான வண்டு, மற்றதில் மங்கலானது. முதல் வண்டு கொழுந்தின் மேல் ஏறி, ஒரு அசுவினியை முன்காலால் பிடித்து, தலையிலிருந்து தொடங்கி மென்றது. இரண்டாவது அசுவினிகளின் மேலேயே நடந்து கத்தரி இலையின் அடிப்புறம் போய்ச் சேர்ந்தது. மாலைக்குள் இலையின் பச்சையத்தைப் பக்கம் பக்கமாகச் சுரண்டியிருந்தது. மேல் தோல் மட்டும் மெல்லிய சவ்வாக மிஞ்சி, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடே விரல் தெரிந்தது. அப்பத்தா எட்டிப் பார்த்தார். “இதைத்தானே நான் தினமும் பொறுக்கி மண்ணெண்ணெயில் போடுகிறேன். இதை வீட்டுக்குள் வைத்துச் சோறு போடுகிறீர்களா?” என்றார்.

தம்பி அழுதான். அந்த இரண்டும் அவன் பிடித்தவை. ஆகவே அவற்றுக்குத் தனி டப்பா, தினம் ஒரு கத்தரி இலை, மாடிக்கு மட்டும் கொண்டுபோகக் கூடாது என்ற நிபந்தனை. கடைசிக் கணக்கில் பராமரிக்க மிக எளிதாக இருந்தவை இவைதான். இலை கிடைப்பதில் என்ன கஷ்டம்? சின்னப் பிள்ளைக்கு வளர்த்துப் பார்க்க எதைக் கொடுப்பது என்று யாராவது கேட்டால், கத்தரி பயிரிடாத வீடாக இருந்தால், இதையே சொல்லத் தயங்க மாட்டேன்.

அமைப்பை மாற்றியது

தொட்டியிலிருந்து பாசி, மண், பெரணி எல்லாவற்றையும் எடுத்தோம். கண்ணாடி மூடிக்குப் பதில் பழைய மெல்லிய பருத்தி வேட்டித் துணியை விரித்து எலாஸ்டிக் கட்டினோம். கொசுவலையின் கண் வழியே சின்னப் புழுக்கள் நுழைந்து வெளியேறிவிடும். தரையில் செய்தித்தாள், தினம் மாற்றிக்கொள்ள வசதியாக. தண்ணீர்க் கிண்ணம் கூடாது, நனைத்துப் பிழிந்த பஞ்சு போதும். தொட்டியைச் சன்னலோரத்திலிருந்து நகர்த்தி, நேர் வெயில் படாத கூடத்து மேசையில் வைத்தோம். தொட்டியின் அழகு போய்விட்டது என்று தந்தை வருந்தினார். அவர் சொன்னது உண்மைதான். நடுவில் தட்டைப்பயறு முளைத்த ஒரு சிறு தொட்டியை வைத்ததும் ஓரளவு சமாதானமானார்.

அந்தத் தட்டைப்பயறுதான் ஏற்பாட்டின் உயிர்நாடி. காகிதத் தேநீர்க் கோப்பைகளில் வாரம் இருமுறை ஐந்தாறு விதை போடுவது, இரண்டு இலை விட்டதும் அசுவினி படிந்த அவரைக் கொழுந்தொன்றைக் கிள்ளி அதன் மேல் சாய்த்து வைப்பது. கொழுந்து வாட வாட அசுவினி புதுச் செடிக்கு இறங்கிவிடும். அசுவினிக்கு இணை தேவையில்லை. பெண்ணே நேரடியாகக் குட்டி போடும், அந்தக் குட்டி ஒரு வாரத்துக்குள் தானும் குட்டி போடத் தொடங்கும். இந்தக் கோப்பைகளை வண்டுத் தொட்டியிலிருந்து விலக்கி, வேறு அறையில் வைக்க வேண்டும். ஒரே இடத்தில் இருந்தால் இரண்டே நாளில் இருப்புத் தீர்ந்துவிடும்.

எருக்கிலும் அரளியிலும் மஞ்சள் அசுவினி ஏராளமாகக் கிடைக்குமே என்று தாய் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தச் செடிகளின் நச்சை அந்த அசுவினி தன் உடலிலேயே சேர்த்துவைக்கிறது. அதைத் தின்றால் வளர்ச்சி குன்றும் பொறிவண்டு இனங்கள் உண்டு. தவிர, எருக்கம் பால் பிள்ளைகளின் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை.

எறும்பும் வந்தது. அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும், பொறிவண்டைக் கண்டால் கடித்து விரட்டும். மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினார் அப்பத்தா. சீனி டப்பாவுக்குச் செய்வதுதானே!

புது வண்டு தேடி மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போகலாம் என்று தந்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைத் திட்டம் வைத்திருந்தார். அது 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். பார்த்துவிட்டு வாருங்கள், டப்பாவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். வண்டுகள் அவர்கள் பந்தலிலேயே இருந்தன.

முட்டையும் புழுவும்

மாற்றிய சில நாள்களில் தட்டைப்பயறு இலையின் அடியில் மஞ்சள் முட்டைகள் தெரிந்தன. நெல்மணியைவிட மிகச் சிறியவை, செங்குத்தாக நெருக்கி நட்டவை. சிறுமி எண்ணியபோது பதினெட்டு. மூன்றாம் நாள் பொரிந்தன. முதலில் வந்த புழுக்கள் தங்கள் முட்டை ஓட்டைத் தின்றுவிட்டு, இன்னும் பொரியாத பக்கத்து முட்டைகளையும் தின்றன. சிறுமி அன்று குறிப்பேட்டில் எதுவும் எழுதவில்லை.

இது அவற்றின் இயல்பு, தொட்டி செய்த கெடுதல் இல்லை என்பதை விளக்கினேன். இரை குறைந்தால் அது கூடும் என்பதையும் சொன்னேன். அடுத்த முட்டைக் கொத்துகள் வந்தபோது இரண்டு முடிவுகள் எடுத்தோம். முட்டை உள்ள இலையைக் கத்தரித்துத் தனித் தட்டில் வைப்பது, பொரிந்த புழுக்களை மூன்று நான்காகப் பிரித்துத் துணி கட்டிய கோப்பைகளில் விடுவது. எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் வேண்டாம் என்று தாய் பிள்ளைகளிடம் பேசிப் புரியவைத்தார். அந்தப் பேச்சை என்னைவிட அவர் நன்றாகச் செய்தார்.

புழு வண்டைப் போலவே இருக்காது. கரு நிறம், நீண்ட உடல், ஆறு கால், முதுகில் வெளிர்மஞ்சள் திட்டுகள், ஒரு குட்டி முதலையின் நடை. இதை வேறேதோ தீய பூச்சி என்று நினைத்து நசுக்குகிறவர்கள் ஏராளம். அப்பத்தாவும் இத்தனை ஆண்டு நசுக்கியிருக்கிறார். மூன்று முறை தோல் உரித்த பிறகு கடைசிக் கட்டத்தில் அதன் பசி அடங்காது. கோப்பையில் வைத்த செடி காலையில் கருப்பாக இருந்தது மாலையில் வெறும் பச்சையாகிவிடும்.

பிறகு இலையில் வாலை ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவானது. தொட்டால் வெடுக்கென்று நிமிர்ந்தது. ஒரு காலை தம்பி கூப்பிட்டு எல்லோரும் ஓடிப் பார்த்தபோது, கூட்டின் முதுகு பிளந்து ஒரு வண்டு வெளியே நின்றது. முழுக்க வெளிர்மஞ்சள், ஒரு புள்ளிகூட இல்லை. பின்னிறகுகள் முதுகோட்டுக்கு வெளியே ஈரமாகத் தொங்கின. கொஞ்ச நேரத்தில் அவை உள்ளே மடிந்தன. சாம்பலாகத் தொடங்கிய நெளிகோடு, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்துக்குள் கருக்கத் தொடங்கியது. வண்டி வந்து நின்றும் இருவரும் கிளம்ப மறுத்ததாகத் தாய் சொன்னார்.

தனியே பிரித்து வைத்த இருபத்திரண்டு புழுக்களில் பதினான்கு கூட்டுப்புழுவாகி, பதினொன்று வண்டாயின. முட்டையிலிருந்து வண்டு வரை இரண்டு வாரத்துக்குச் சற்று மேல். வீட்டு மேசைக்கு இது நல்ல கணக்கு.

ஒரு இரவில் போனவை

இரண்டாம் தொகுதிப் புழுக்கள் வளர்ந்துகொண்டிருந்தபோது தட்டைப்பயறு போதவில்லை. திருமங்கலம் பக்கத்து உறவினர் வீட்டுக்குப் போன தந்தை, வாய்க்கால் ஓரத்து அகத்தியில் அசுவினி கொத்துக் கொத்தாக இருப்பதைப் பார்த்து, ஒரு பை நிறையக் கிளைகளை ஒடித்துக்கொண்டு வந்தார். இரவு ஒன்றைத் தவிர எல்லாக் கோப்பைகளிலும் போட்டார்கள். காலையில் புழுக்கள் இலையிலிருந்து விழுந்து மல்லாந்து கிடந்தன. சிலவற்றின் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. மாலைக்குள் பதினேழில் பதினைந்து இறந்தன. அகத்தி போடாத ஒரே கோப்பையில் இருந்த இரண்டும் நன்றாக இருந்தன.

அந்த அகத்திக்கு அடுத்த பாத்தியில் மல்லிகைத் தோட்டம். மல்லிகையில் மொட்டுப்புழுவுக்கு அடிக்கடி மருந்தடிப்பது மதுரைச் சுற்றுவட்டாரத்தில் வழக்கம். மருந்துதான் காரணம் என்று யாரும் பரிசோதித்து உறுதிப்படுத்தவில்லை. ஆனால் நடுக்கம், ஒரே இரவில் மொத்தமாக இறந்தது, தப்பித்த கோப்பை ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்டின. மருந்து பட்ட செடியில் அசுவினி உயிரோடு இருக்குமா என்று தந்தை கேட்டது நியாயமான கேள்வி. மேலோட்டமாகப் பட்ட சாரலில் அசுவினி பிழைத்துக்கொள்ளலாம், அவற்றை ஐம்பது அறுபதாகத் தின்னும் புழுவுக்கு அந்தச் சிறு அளவுகள் எல்லாம் சேரும்.

அன்றிலிருந்து வெளிச் செடி எதுவும் நேராகத் தொட்டிக்குள் போகக் கூடாது என்று விதியாயிற்று. தவிர்க்க முடியாவிட்டால் முதலில் ஒரே ஒரு புழுவுக்குக் கொடுத்து ஒரு நாள் பார்ப்பது.

விடுவித்தது

மாசி கடைசியில் அவரை ஓய்ந்தது. வெயில் ஏற ஏற அசுவினியும் குறைந்தது. கோப்பைப் பயறுகளும் கூடத்து வெக்கையில் சோர்ந்தன. குளிர்நாடுகளில் பொறிவண்டைக் குளிர்பதனப் பெட்டியில் உறங்கவைத்துப் பருவம் கடத்தும் முறையைத் தந்தை படித்திருந்தார். நம் சமவெளி வண்டுகளுக்கு அப்படி ஒரு குளிர்காலத் தூக்கம் இல்லை, இரை இருக்கும்வரை தலைமுறை தலைமுறையாகப் பெருகிக்கொண்டே போகும். பெட்டியில் வைத்தால் சாவுதான்.

ஒரு மாலை, வெயில் தணிந்த பிறகு, கையிருப்பில் இருந்த ஒன்பது வண்டுகளையும் மாடியில் அசுவினி மிச்சமிருந்த தட்டைப்பயறுத் தொட்டிகளில் விட்டார்கள். நண்பகலில் விட்டால் உடனே பறந்துவிடும். மறுநாள் நான்கு அங்கேயே இருந்தன, வார இறுதியில் ஒன்று. அவரை விளைச்சல் இதனால் கூடியதா என்று யாரும் அளக்கவில்லை. நானும் அப்படி எதுவும் சொல்ல மாட்டேன். தம்பியின் எபிலாக்னா வண்டுகள் அதற்கு முன்பே வயதாகி இறந்திருந்தன.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

வண்டு பிடிப்பதற்கு மூன்று வாரம் முன்பே தட்டைப்பயறும் அசுவினியும் தயாராக இருக்க வேண்டும். பன்னிரண்டு வண்டு தேவையில்லை, ஆணும் பெண்ணும் கலந்திருக்க நான்கைந்து போதும். கத்தரியிலும் பாகற்கொடியிலும் பிடித்தவை முதல் நாளே தனி டப்பாவுக்குப் போக வேண்டும். இலையடியில் உள்ள மஞ்சள் முட்டைக் கொத்து இரண்டு வகையிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால், கத்தரி இலையில் கண்டதை வண்டுத் தொட்டிக்குக் கொண்டுவரக் கூடாது. கண்ணாடித் தொட்டியே வேண்டாம், நான்கு பக்கமும் துணி தைத்த கூண்டு போதும் என்பது என் கருத்து. பிள்ளைகள் பக்கவாட்டில் பார்க்கக் கண்ணாடி வேண்டும் என்பது தந்தையின் கருத்து. மேலே துணி இருக்கும்வரை அதில் எனக்குச் சண்டை இல்லை.

தாயோடுதான் இன்னும் உடன்பாடு எட்டவில்லை. ஒரு தலைமுறை வளர்ந்ததும் விட்டுவிடலாம் என்கிறேன் நான். இரண்டாம் தலைமுறைக்குள் இரை போதாமல் போகும் என்பது இந்தப் பருவத்தில் தெரிந்தது. வளர்ப்பு என்று ஆரம்பித்துவிட்டு இரண்டு வாரத்தில் அனுப்பிவிட்டால் பிள்ளைகளுக்கு என்ன பொறுப்பு வரும் என்கிறார் அவர். ஆடியில் தட்டைப்பயறு விதைத்து, அசுவினி எத்தனை கோப்பைகளில் நிற்கிறது என்று பார்த்த பிறகு எண்ணிக்கையை முடிவு செய்வது என்று தற்போதைக்குப் பேசிவைத்திருக்கிறோம்.